மேலே டிரில்லிங், கீழே மீட்டிங்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இரண்டு மேனேஜர்கள். ஒருவர் லேப்டாப் திரையில் வருவார். இன்னொருவர் மேல்மாடியில் குடியிருப்பார். காலை பதினோரு மணி மீட்டிங் எப்படிப் போகும் என்பதில் இரண்டாமவருக்குத்தான் அதிகாரம் அதிகம். அவர் டைல்ஸ் மாற்ற முடிவெடுத்துவிட்டால் உங்கள் கிளையன்ட் பிரசன்டேஷன் கந்தல்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வரும்வரை இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் ஓ.எம்.ஆர். நெடுகிலும் எழும்பிய அடுக்ககங்களில் பாதிப்பேர் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறவர்கள். பகலில் எந்தத் தளத்தில் என்ன உருண்டாலும் கேட்க ஆளில்லை. இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வீட்டிலிருந்து வேலை என்பது ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தன் பாட்டுக்கு வாழ்கிறது. இந்தப் பக்கம் ஒருவர் சம்பளத்துக்கு உழைக்கிறார். உரசாமல் இருந்தால்தான் அதிசயம்.

பக்கத்து வீட்டுத் தொல்லை என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சத்தம். அரை மணியோ மூன்று மணியோ நடக்கும், நின்றுவிடும். மற்றது, சத்தம் நின்ற பிறகும் நம் மண்டைக்குள் நடக்கும் வழக்கு. 'நான் இப்படிக் கேட்டிருக்க வேண்டும், அவன் அப்படிச் சொன்னால் நான் விட்டிருக்கக் கூடாது' என்று வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாம் நாமே. என்னைக் கேட்டால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். முதலாவதற்குப் பேச்சும் காகிதமும் போதும். இரண்டாவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு மரம் இருக்கிற இடமாகப் பார்த்து நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோபத்தில் தீர்க்கப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் மாடிப்படியில் நின்று கத்துகிறார்கள்.

'வீட்டுலதானே இருக்கீங்க'

தொல்லை என்றதும் எல்லோருக்கும் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம், அதிலும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். காலிங் பெல்லைத்தான் சொல்வார்கள்.

பதினொன்றே காலுக்குப் பெல் அடிக்கும். எதிர்வீட்டு அக்கா. "வீட்டுலதானே இருக்கே, சிலிண்டர்காரன் வருவான், கொஞ்சம் வாங்கி வெச்சிடு." கையில் பணமும் புத்தகமும் திணித்துவிட்டு லிஃப்டில் ஏறிவிடுவார். மறுநாள் கூரியர். அதற்கு மறுநாள் மூன்றரைக்கு ஸ்கூல் வேனிலிருந்து இறங்கும் பையன், "அம்மா வர்ற வரைக்கும் இங்கே இருக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்று பையைக் கழற்றுவான். அக்காவிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவர் பார்வையில் நீங்கள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறீர்கள். லேப்டாப் மடியில் இருப்பதும் டி.வி. ரிமோட் மடியில் இருப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

இவரிடம் கோபித்துக்கொள்வது அநியாயம். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிட்டுப் பிறகு கணவரிடம் புலம்புவதும் சரியில்லை. உங்கள் வேலைக்கு ஒரு வெளித்தோற்றம் வேண்டும், அவ்வளவுதான். வேலை நேரத்தில் கதவு மூடியிருக்கட்டும். ஹெட்செட்டைக் கழற்றாமல் போய்க் கதவைத் திறங்கள். ஒரு காதை மட்டும் விலக்கி, "அக்கா, மீட்டிங்ல இருக்கேன், ஒரு மணிக்கு நானே வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஒரு மணிக்குப் போய் நில்லுங்கள். இதுதான் முக்கியம். இரண்டு வாரம் இப்படி நடந்தால் அவரே மற்றவர்களிடம், "அவளுக்கு ஒரு மணிக்குத்தான் லஞ்ச், அதுக்கு முன்னாடி பெல் அடிக்காதே" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். உங்களுக்குச் சம்பளமில்லாத செக்யூரிட்டி கிடைத்த மாதிரி.

கூரியர், சிலிண்டர் எல்லாம் வாட்ச்மேன் பொறுப்பில் போகும்படி அசோசியேஷனில் ஒரு ஏற்பாட்டுக்கு நீங்களே முன்கை எடுக்கலாம். குழந்தை விஷயம் வேறு. அதற்கு 'முடியாது' என்று சொல்ல மனம் வராது என்றால் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: "புதன், வெள்ளி நான் பார்த்துக்கிறேன் அக்கா. மத்த நாள் எனக்கு அந்த நேரத்துல கால் இருக்கு." எப்போதாவது தருகிற உதவியை விட அளவு தெரிந்த உதவிக்கு மதிப்பு அதிகம்.

படியேறிப் போய்ப் பேசுவது

இனி சத்தத்துக்கு வருவோம். மேல்வீட்டில் நாற்காலி இழுபடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, பையன் பந்து தட்டுகிறான். இவை காற்று வழியாக வருபவை அல்ல. கான்கிரீட் தளத்தின் வழியாக நேரே உங்கள் கூரைக்கு இறங்குபவை. ஜன்னலைச் சாத்தினால் குறையாது. கிளம்புகிற இடத்தில் தடுத்தால்தான் குறையும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டினாலே பாதி அடங்கும். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் விரித்தால் இன்னும் கொஞ்சம். நாலு நாற்காலிக்குப் பதினாறு புஷ். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் அது புகார். ஒரு சின்ன பொட்டலத்தோடு போனால் அது உதவி.

எப்போது போவது? சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம். அப்போது உங்கள் குரலில் சூடு இருக்கும். அவர் கையில் வேலை இருக்கும். சனிக்கிழமை காலை பத்தரை, பதினொன்று நல்ல நேரம். காபி முடிந்திருக்கும், சமையல் தொடங்கியிருக்காது. போனைச் சட்டைப்பையிலேயே விட்டுவிடுங்கள். ரெக்கார்டு செய்கிறீர்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "சத்தம் போடாதீங்க" என்று கேட்டால் எதிராளிக்குச் செய்ய எதுவுமில்லை, மறுக்கத்தான் முடியும். "நாங்க என்ன சார் சத்தம் போடறோம், வீட்டுல குழந்தைங்க இருந்தா அப்படித்தான்" என்பார். நேரத்தைக் கேளுங்கள்.

"சார், உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். எனக்குத் தினமும் பதினொண்ணுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் டீமோட கால். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிரைண்டரைத் தள்ளிப் போட முடியுமா? மத்த நேரம் பிரச்சினையே இல்லை."

இதில் மூன்று காரியம் நடக்கிறது. கேட்டது சிறியது; கொடுத்தால் அவருக்குப் பெருந்தன்மை; மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கு அவருக்கு உங்கள் வாயாலேயே அனுமதி. கூடவே, "எங்க வீட்டுச் சத்தம் ஏதாவது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா சார்?" என்றும் கேட்டுவிடுங்கள். பதில் வரும். வந்தே தீரும். இரவு பதினொன்றரைக்கு நீங்கள் போனில் ஆங்கிலத்தில் உரக்கப் பேசுவது பக்கத்து படுக்கையறை வரை கேட்கிறது என்பது உங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

அடுக்கக வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் போட வேண்டாம். பெயர் சொல்லாமல் 'சிலர்' என்று போட்டாலும் அந்தச் சிலர் யார் என்று நாற்பது குடும்பத்துக்கும் தெரியும். தனியாகச் சொன்னால் திருத்திக்கொள்ளக்கூடியவரும் சபையில் சொன்னால் மல்லுக்கு நிற்பார். ஊரில் பங்காளிச் சண்டைகள் எத்தனையோ இப்படித்தான் முற்றின. இப்போது திண்ணை போய் வாட்ஸ்ஆப் வந்திருக்கிறது.

பேச்சு எடுபடாதபோது

சிலரிடம் எடுபடாது. ஒரு நோட்டை எடுத்துத் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம் என்று ஒரு வரி எழுதிவாருங்கள். உணர்ச்சி வேண்டாம். 'மறுபடியும் அந்த ராட்சசன்' என்று எழுதாதீர்கள், 'இரவு 11.10 முதல் 12.25, டிரில்லிங்' என்று எழுதுங்கள். இந்த நோட்டால் இன்னொரு லாபமும் உண்டு. நாள் முழுக்கச் சத்தம் என்று நீங்கள் நினைத்தது உண்மையில் ஒன்றரை மணி நேரம்தான் என்று தெரிந்தாலும் தெரியலாம். அப்படித் தெரிந்தால் சண்டைக்குப் பதில் உங்கள் காலெண்டரை மாற்றுவதே சுலபம்.

சட்டம் எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் கொடுக்கலாம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன வித்தியாசமல்ல. 2010-இல் சேர்த்த திருத்தப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. ஆக, ராத்திரி டிரில்லிங் என்றால் 100-க்கோ 112-க்கோ தயங்காமல் அழைக்கலாம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப் உத்தேசமாகத்தான் காட்டும். அதை ஆதாரம் என்று நீட்டாதீர்கள், உங்களுக்கே ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் பதினொன்றுக்குச் சுவரில் துளை போடுவதை இந்த விதி அப்படியே தடுத்துவிடாது. அங்கே கைகொடுப்பது அசோசியேஷனின் துணைவிதி. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2022-இல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அசோசியேஷனும் துணைவிதியும் அதன்படிதான் நடக்க வேண்டும். உங்கள் அடுக்ககத் துணைவிதியை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் ரெனோவேஷன் வேலைக்கு நேரம் குறித்து, ஞாயிறு கூடாது என்று எழுதியிருக்கும். யாரும் படிக்காததால் யாரும் கடைப்பிடிப்பதில்லை. எழுதியிருக்கவில்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இன்னும் நாலைந்து பேர் அதே கட்டடத்தில் இருப்பார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு பேசினால் அது தனிப்பட்ட பகையாகத் தெரியாது. நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்றால் முதலில் உங்கள் ஓனரிடம் சொல்லுங்கள். அசோசியேஷனில் குரல் அவருக்குத்தான்.

அதற்கும் மேலே போக வேண்டிய கட்டம் வந்தால், சிவில் வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இருதரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. நாளைக்கும் அதே லிஃப்டில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இந்த வழிதான் தோது.

மிரட்டல், பின்தொடர்தல், கதவை உதைத்தல் என்று போனால் மேலே சொன்ன ரப்பர் புஷ், சனிக்கிழமை பேச்சு எதுவும் பொருந்தாது. உடனே போலீஸ்தான்.

ஆபீசில் எவ்வளவு சொல்வது

கதையைச் சொல்லாதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். "எங்க மேல்வீட்டுக்காரர் ஒரு மாதிரி, போன வருஷத்துல இருந்தே..." என்று தொடங்கினால் மேனேஜர் காதில் விழுவது ஒன்றுதான்: இவரால் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியவில்லை. "இந்த வாரமும் அடுத்த வாரமும் மேல்வீட்டில் வேலை நடக்கிறது, பத்து முதல் ஒரு மணி வரை சத்தம். செவ்வாய், வியாழன் ஆபீஸ் வந்துவிடுகிறேன். புதன்கிழமை ரிவ்யூவை இரண்டரைக்கு மாற்றலாமா?" என்று கேட்டால் திட்டமிடுகிறவர் என்று பெயர் வரும். விஷயம் ஒன்றுதான்.

ஹெட்செட் பற்றி ஒரு வார்த்தை. இரைச்சலைக் குறைக்கும் வசதி உள்ள விலை உயர்ந்த ஹெட்செட்டுகள் ஃபேன், ஏ.சி., விமான இரைச்சல் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாக விழுங்கும். சுத்தியல் அடி, நாய்க் குரைப்பு, சண்டைக் குரல் போன்றவை ஊடுருவி வரும். இருபதாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு ஏமாறாதீர்கள். உங்கள் பக்கத்துச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்க டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் எல்லாவற்றிலும் இரைச்சல் வடிகட்டி இருக்கிறது. செட்டிங்கில் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரிய மீட்டிங்குக்கு முந்தின நாள் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நாளைக்கு ஏதாவது வேலை நடக்குதாண்ணே?" மணல் மூட்டை எந்தத் தளத்துக்குப் போகிறது, கார்பென்டர் எந்த வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறார் என்பது செக்ரட்டரிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

வழக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு நடப்பது

இனி அந்த இரண்டாவது பிரச்சினை. மண்டைக்குள் நடக்கும் வழக்கு.

கோபத்தைக் கொட்டிவிட்டால் மனசு லேசாகும் என்று நம்புகிறோம். 2002-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். அறுநூறு மாணவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை வேண்டுமென்றே மட்டமாகத் திட்டிக் கோபமூட்டினார்கள். ஒரு குழுவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு குழுவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது குழு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் முதல் குழுவினர். பதிலடியில் மிகக் குறைந்த மூர்க்கம் காட்டியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்.

நடைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பூங்காவில் வேகவேகமாகச் சுற்றிக்கொண்டே காதில் போனை வைத்து, "நேத்து ராத்திரி என்ன பண்ணான் தெரியுமா" என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டு போகிறவர் நடக்கவில்லை, குத்துப்பையைக் குத்திக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது கால் களைத்திருக்கும், கோபம் களைத்திருக்காது. இதில் நான் கொஞ்சம் கறார்: நடைக்குப் போகும்போது பக்கத்து வீட்டைப் பற்றிப் பேச்சே கூடாது, கூட வருபவர் மனைவியாகவோ கணவராகவோ இருந்தாலும்.

மரங்கள் நடுவே நடப்பது இதற்கு என்ன செய்கிறது? 2015-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிரெகரி பிராட்மன் குழுவினர் 38 பேரை இரண்டாகப் பிரித்து ஒன்றரை மணி நேரம் நடக்கவைத்தார்கள். ஒரு பாதிப்பேர் புல்லும் ஓக் மரங்களும் உள்ள பகுதியில், மறுபாதி வண்டிகள் இரையும் பெருஞ்சாலை ஓரத்தில். பசுமையில் நடந்தவர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் போக்கு குறைந்தது; அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. சாலை ஓரத்தில் நடந்தவர்களிடம் அந்த மாற்றமில்லை. நடை மட்டும் போதாது, நடக்கிற இடமும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வேலைக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு அதற்கு முந்தியது. 2008-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் பெர்மன் குழு, ஆன் ஆர்பர் நகரத்தில் ஒருமுறை மரப் பூங்காவிலும் ஒருமுறை கடைத்தெருவிலும் ஆட்களை நடக்கவைத்து, எண்களைத் தலைகீழாகச் சொல்லும் நினைவுத் தேர்வு வைத்தது. மரங்களிடையே நடந்து வந்தபோது மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. இதில் எனக்குப் பிடித்த பகுதி, ஜனவரிக் குளிரில் முகம் சுளித்துக்கொண்டே நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பது. நடையை ரசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சென்னை வேர்வையில் நடக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எவ்வளவு நேரம்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்ல அதிக வாய்ப்பிருப்பதைக் கண்டது. ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை. இருபது இருபது நிமிடமாக ஆறு நாள் என்றால் மதியச் சாப்பாட்டு இடைவேளையின் பாதியிலேயே அடங்கிவிடும். வெயில் மாதங்களில் மதியம் வேண்டாம். காலை ஆறரைக்கோ மாலை ஐந்தரைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். காலெண்டரில் மீட்டிங் மாதிரியே அந்த நேரத்தை அடைத்துப் போடுங்கள். 'பிஸி' என்று காட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இடம் எங்கே என்பதுதான் சென்னைக்காரரின் அடுத்த கேள்வி. மயிலாப்பூர் லஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர் பெயரில் அமைந்தது என்பதால் தலைவலிக்கு அங்கே போவது பொருத்தம்தான். அண்ணா நகரில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரத்தைச் சுற்றிய பூங்கா நல்ல நிழல். கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா; டிரைவ்-இன் வுட்லண்ட்ஸ் ஹோட்டல் இருந்த இடம். அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகம் இவற்றுக்கெல்லாம் மேலே. அங்கிருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் மட்டும் இன்னும் ஒரு தோப்பாக நிற்கின்றன. அனுமதி நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். கிண்டி தேசியப் பூங்கா நகரத்துக்குள் ஏறக்குறைய 270 ஹெக்டேர் காடு; உள்ளே இஷ்டத்துக்கு நடக்க முடியாது, சிறுவர் பூங்கா வரைதான்.

வேளச்சேரி, பெரும்பாக்கம், துரைப்பாக்கம்காரர்களுக்கு வாசலிலேயே பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். ரேடியல் சாலையில் தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டு கடக்கிறவர்களில் எத்தனை பேர் ஒருநாள் இறங்கி நின்றிருப்பார்கள்? நீர்ப்புல்லுக்கு நடுவே சிவப்பு அலகோடு நீலத்தாழைக்கோழி ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து நடப்பதைப் பார்க்கப் பைனாகுலர் தேவையில்லை. குளிர்மாதங்களில் கூழைக்கடாவும் சில நாள் பூநாரையும் வரும்.

இவை எதுவும் கிட்டத்தில் இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே மரம் அதிகமுள்ள ஒரு குறுக்குச் சந்தைத் தேர்ந்தெடுங்கள். தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தால் போதும். மாலை ஐந்தரை, ஆறுக்கு அதன் இலைகள் ஜோடி ஜோடியாக மடியத் தொடங்கும். முதலில் ஓரக்கிளைகள் சுருங்கினாற்போல் தெரியும், இருட்டுவதற்குள் மரம் மெலிந்து மேலே வானம் தெரியும். தினமும் பார்க்கிற மரத்தில் இதைக் கவனிக்காதவர்கள் ஏராளம்.

சத்தத் தொல்லையில் இருப்பவர்களுக்கென்று ஒரு தனி யோசனை. மாதக்கணக்கில் மேல்மாடிச் சத்தத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் காது ஒரு காவல்காரன் ஆகிவிடுகிறது. சத்தமில்லாதபோதும் அது தேடிக்கொண்டே இருக்கும். இந்தக் காதுக்கு அமைதி ஒத்துவராது. வேறு வேலை கொடுக்க வேண்டும். நடக்கும்போது பறவைகளைக் காதால் எண்ணுங்கள். செம்போத்தின் 'ஊப் ஊப்' அடிவயிற்றிலிருந்து வருவது போல இருக்கும், ஒருமுறை கேட்டால் மறக்காது. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டமாகக் கீச்சிட்டுச் சண்டை போடும். அடுக்ககப் பொதுக்குழு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. மார்ச்சிலிருந்து குயில். மாலை மங்கும்போது புள்ளி ஆந்தை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் என்ற இலவச ஆப் பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். போனை எடுக்க அந்த ஒரு காரணத்தை அனுமதிக்கலாம்.

நடந்து வந்தவுடன் பக்கத்து வீட்டுக்காரருக்கு மெசேஜ் எழுத உட்காராதீர்கள். வந்ததும் வேலைதான், அதிலும் அன்றைக்கு இருப்பதிலேயே கடினமான வேலை. தெளிவு கிடைத்த அரை மணியை அவருக்குச் செலவழிப்பானேன்?

வீடு மாற்றுவது என்று முடிவானால்

எல்லாம் செய்தும் ஆறு மாதத்தில் எதுவும் மாறவில்லை, தூக்கம் கெடுகிறது, அப்ரைசலில் அடி விழுகிறது என்றால் வாடகைக்காரருக்கு ஒரு வசதி உண்டு: கிளம்பலாம். அதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் அட்வான்ஸ், பேக்கர்ஸ் செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி, பக்கத்தில் இந்த வேலையை இழந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கட்டும்.

புது வீட்டை ஞாயிறு மாலை நாலு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா வீடும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாளில் காலை பத்தரைக்கு ஒருமுறை, இரவு பத்துக்கு ஒருமுறை போங்கள். காலியறையில் நடுவில் நின்று ஐந்து நிமிடம் பேசாமல் கேளுங்கள். தண்ணீர் மோட்டார் எந்தச் சுவருக்குப் பின்னால், லிஃப்ட் எந்த அறையை ஒட்டி, ஜெனரேட்டர் எந்த ஜன்னலுக்குக் கீழே என்று பாருங்கள். மேல்தளமே கிடைத்தால் தலைக்குமேல் யாரும் இல்லை. பதிலுக்கு மே மாத வெயில் இருக்கும், ஏ.சி. பில்லையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிட நடையில் மரநிழல் உள்ள பாதை உண்டா என்பதை மெட்ரோ ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்கிற அதே அக்கறையோடு கேளுங்கள்.

மேல்வீடு காலியாக இருந்தால் சந்தோஷப்பட்டு அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். கீழே வாட்ச்மேனிடம் கேளுங்கள், அந்த வீட்டு ஓனர் டைல்ஸ் கடைக்குப் போய்வந்தாரா என்று.